தையல் போட்டு அனுப்பிய பிறகு: வன்முறையில் காயப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனை தரும் சேவை

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் அடிபட்டும், வெட்டுப்பட்டும், சூடு வைக்கப்பட்டும், பாலியல் வன்முறைக்கு ஆளாகியும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதே இந்த மதிப்பீடு. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரைக் காப்பாற்றும் வேலையில் இந்தச் சேவையை நம்பிப் போகலாம். பாலியல் குற்றங்களில் சட்டம் கெட்டியாக இருக்கிறது, நடைமுறை மட்டும் ஆளுக்கு ஆள், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அடுத்த மூன்று மாதம்தான் பிள்ளை மறுபடி தூங்கவும், பள்ளிக்குப் போகவும், கையை மடக்கிப் பேனா பிடிக்கவும் பழக வேண்டிய காலம். அந்தக் காலத்துக்கு மருத்துவமனையில் பொறுப்பானவர் என்று ஒருவரும் இல்லை. பையன்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம்.

அவசரப் பிரிவிலிருந்து தொடங்குவோம். டி.ஏ.இ.ஐ. எனப்படும் தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு பெரிய அரசு மருத்துவமனைகளில் வந்தவுடனேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுகிறார்கள். ரத்தம் கொட்டும் பிள்ளை ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 108-ல் வந்தால் நேராக உள்ளேதான். ரத்தம் ஏற்றுவது, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், இரவு 11 மணிக்கு வயிற்றில் குத்துப்பட்டு வரும் பிள்ளைக்கு ஊரிலுள்ள சிறிய தனியார் மருத்துவமனையைவிட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே பாதுகாப்பான இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதி வழியில் தனியார் கிளினிக்கில் நிறுத்தி "முதலுதவி மட்டும்" வாங்கப் போய்த்தான் பல இடங்களில் நேரம் வீணாகிறது.

அடுத்தது ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேடு. பெற்றோர் இதை ஏதோ அலுவலகச் சடங்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பின்னால் வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த அரைப் பக்கத்தில்தான். பணியிலிருக்கும் மருத்துவர் எழுதுவது இவ்வளவுதான்: யார் அழைத்து வந்தார்கள், எத்தனை மணிக்கு, எங்கே, எப்போது, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எந்த ஆயுதத்தால், உடம்பில் இரண்டு அங்க அடையாளங்கள், ஒவ்வொரு காயத்தின் இடமும் நீள அகலமும். "தெரிந்த நபர்கள் மூவர் அரிவாளால்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதப்பட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு வருடம் கழித்து அந்த ஒரு வரியைத்தான் உயர்த்திப் பிடிப்பார்.

தவறு எப்படி நடக்கிறது என்றால், பிள்ளையைத் தூக்கி வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது தெரியாது. கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்வார், அது பதிவாகிவிடும். பிள்ளை பேசும் நிலையில் இருந்தால் பிள்ளையிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் "உடன் வந்தவர் கூறியது" என்று குறிப்பிடச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே அடி விழுந்த பிள்ளைக்கு "கீழே விழுந்துட்டான்னு சொல்லிடுங்க சார்" என்று உடன் வரும் பெரியவரே சொல்வார். அந்த நேரத்தில் அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசும் மருத்துவரும் செவிலியரும் இருக்கும் ஷிஃப்ட் நல்ல ஷிஃப்ட். பேசாத ஷிஃப்டில் அந்தப் பிள்ளை அதே வீட்டுக்கே திரும்பிப் போகிறது.

ஏ.ஆரை வைத்துப் பின்னால் தருவது காயச் சான்றிதழ். சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று அதில்தான் கருத்துச் சொல்வார்கள். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 116-ன்படி எலும்போ பல்லோ உடைந்தால் கொடுங்காயம். 15 நாள் கடுமையான வலியில் இருந்தாலோ அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் என்று இருந்தது. முகத்தில் குத்து வாங்கிய பையனுக்கு உதட்டில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள், ஆடும் பல்லை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல் மருத்துவப் பிரிவின் ஓ.பி. சீட்டும் எக்ஸ்ரேயும் இல்லாவிட்டால் வழக்கு சாதாரணக் காயமாகச் சுருங்கிவிடும். எனவே பல், மூக்கெலும்பு, விரல் எலும்பு மூன்றையும் கேட்டு வாங்கிப் பரிசோதிக்க வேண்டும். மூன்றாம் நாள் "வீட்டுக்குப் போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள், தெரியாமலேயே தங்கள் ஆதாரத்தையும் அங்கே விட்டுவிட்டுப் போகின்றன.

வெட்டுக்காயங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரிவாள் வீச்சைத் தடுக்கக் கையைத் தூக்குவது இயல்பு. அதனால் விடலைப் பையன்களின் வெட்டுகள் பெரும்பாலும் முன்கையிலும் உள்ளங்கையிலும் விரல்களிலும்தான் இருக்கும். வெளியே இரண்டு அங்குல வெட்டு, உள்ளே நாணும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) நரம்பும் அறுந்திருக்கும். கூட்டம் மிகுந்த அவசரப் பிரிவில் ரத்தம் நின்றால் போதும் என்று தோலை மட்டும் தைத்து விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பெரிய கோளாறு. தையல் போடும் முன் பார்க்க வேண்டியது ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு விரலிலும் நடுக் கணுவை நீட்டிப் பிடித்துக்கொண்டு நுனிக் கணுவைத் தனியாக மடக்கச் சொல்வது, பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுக் கணுவை. ஒவ்வொரு விரலின் இரண்டு பக்கத்திலும் தொட்டு, "இங்க தொடுறது தெரியுதா?" என்று கேட்பது. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். போட்ட பிறகு தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு விரல் மடங்கவில்லை என்றால் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இதற்கென்றே பெயர் பெற்றது. நாணை முதல் சில நாட்களுக்குள் இணைப்பதற்கும், சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு இரண்டு மாதம் கழித்து இணைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இணைத்த பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. மடக்கு நாண் என்றால் ஏறக்குறைய 6 வாரம் ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் கட்டு), அதோடு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுக்கும் விரல் பயிற்சி, பளு தூக்க 12 வாரம். இணைத்த நாண் முதல் சில வாரங்களில் மிகவும் வலுவற்று இருக்கும். அந்த நேரத்தில்தான் பையன் "பரீட்சை எழுதணும்" என்று ஸ்பிளின்டைக் கழற்றுகிறான், நாண் மறுபடி அறுகிறது. பயந்துபோய் ஒரேயடியாக அசைக்காமல் வைத்திருந்தாலோ நாண் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். தேர்வு நேரமாக இருந்தால், எழுதுவதற்கு வேறொருவரை அமர்த்தித் தரக் கோரி மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக உடனே விண்ணப்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ரெவ்யூ 2 வாரம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும். பிசியோதெரபி எந்தக் கட்டடம், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் பாதிப் பேர் வருவார்கள். அந்தச் சீட்டைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு வராத சின்னப் பிள்ளைகளின் காயத்தை உடம்புதான் சொல்ல வேண்டும். தானாக உருளக்கூடத் தெரியாத நான்கு மாதக் குழந்தைக்கு ஒரே ஒரு கன்றிய தடம் இருந்தாலும் அது விசாரிக்க வேண்டிய விஷயம். நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றல் இருந்தால் விளையாடி விழுந்தது என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. விழுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும்தான் அடிபடும். வெந்நீர் தெறித்த காயத்துக்கு ஒழுங்கான விளிம்பு இருக்காது. காலைப் பிடித்து வெந்நீரில் அமுக்கியதால் வந்த காயத்துக்கு சாக்ஸ் போட்டதுபோல நேர்க்கோடு இருக்கும். இரண்டு வயதுக்குள் என்றால் முழு எலும்புக்கும் எக்ஸ்ரே, கண் மருத்துவரின் விழித்திரைப் பரிசோதனை இரண்டும் தேவை. குழந்தைகள் நலப் பிரிவு வலுவாக உள்ள இடங்களில், உதாரணமாக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில், இதற்குத் தேவையான எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தாலுகா மருத்துவமனையில் அதை எதிர்பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் அனுப்பி வைப்பதே அவர்கள் வேலை. கன்றலின் நிறத்தைப் பார்த்து "இது ஐந்து நாள் பழசு" என்று எழுதும் பழக்கம் மட்டும் இன்னும் சில இடங்களில் போகவில்லை. நிறத்தை வைத்து நாளைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல, நீதிமன்றத்தில் அது பிள்ளைக்கு எதிராகத்தான் திரும்பும்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளை வந்தால் மருத்துவமனை செய்ய வேண்டியவை பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டத்திலும், 2020-ன் போக்சோ விதிகளிலும், மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையிலும் தெளிவாக இருக்கின்றன. காகிதத்தில் இதைவிட நல்ல சேவையைக் கேட்க முடியாது. முதல் விஷயம், "முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்று போக்சோ பிரிவு 27 சொல்கிறது. சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணமும் கேட்கக் கூடாது என்று விதி 6 சொல்கிறது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். பரிசோதனை அறைக்குள் போலீஸ் நிற்கக் கூடாது. பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்தால் அது மருத்துவரின் தவறான நடத்தை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் மருத்துவமனைக்கும் தப்பிக்க வழியில்லை. பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எதுவானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 397. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் சாதாரண அடிதடி, கத்திக்குத்துக்கு இந்த இலவசப் பிரிவு பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தனியாரில் சேர்த்துவிட்டு பில்லோடு சண்டை போடும் நிலை வர வேண்டாம்.

சட்டம் இப்படி இருக்க, கோளாறு எங்கே வருகிறது? பெரும்பாலும் நேரத்தில். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம்தான் எல்லை. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், பிள்ளையின் எடையைப் பொறுத்து அளவு மாறும். மருந்து ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மையம் பூட்டியிருக்கிறது என்று திங்கட்கிழமை வரச் சொல்வது ஏற்கத்தக்க பதில் அல்ல. முதல் டோஸ் அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும், கேளுங்கள். வயதுக்கு வந்த சிறுமி என்றால் கர்ப்பம் தரிக்காமலிருக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் என்றால் நல்ல பலன், ஐந்து நாள் வரை கொடுக்கலாம். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் தொடங்க வேண்டும். காயம் இருந்தால் டி.டி. ஊசி.

தடயத்தைப் பொறுத்தவரை 96 மணி நேரத்துக்குள் வந்தால் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் மாதிரி) எடுப்பார்கள். வீட்டில் செய்யும் தவறு, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிட்டுக் கூட்டி வருவது. பதற்றத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். குளிப்பாட்டிவிட்டோமே என்று வராமல் இருந்துவிடாதீர்கள், அப்போதும் வாருங்கள். மருத்துவமனையில் செய்யும் தவறு, துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவது. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பெரிய காகித விரிப்பின் மேல் நின்று பிள்ளை உடை மாற்ற வேண்டும். துணியை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுத வேண்டும். விரித்த காகிதத்தையும் மடித்து அதே போல வைக்க வேண்டும். மாற்றுத் துணி கையோடு கொண்டு போங்கள், அங்கே இருக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று, இரண்டாம் நாள் மறுபரிசோதனை. சில கன்றல்கள் முதல் நாள் தோலுக்கு மேலே தெரியாது, 48 மணி நேரம் கழித்துத்தான் கருநீலமாக வெளிவரும். நெறிமுறையிலேயே இரண்டு நாள் கழித்தும், பிறகு 3 வாரம், 6 வாரத்திலும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபடி செய்ய வேண்டும். மருத்துவ அறிக்கை 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். அதன் நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம். கேட்காமல் அந்த நகல் கைக்கு வருவது அபூர்வம். கர்ப்பம் என்று தெரிந்தால், சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கலைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. போக்சோ தகவல் கொடுக்கும்போது, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை பயந்து வீட்டிலேயே கலைக்க முயன்ற குடும்பங்களுக்கு இது மிகப் பெரிய ஆறுதல்.

மருத்துவமனை வளாகத்திலோ அருகிலோ இருக்கும் சகி ஒன் ஸ்டாப் சென்டரைத் தனியாக மதிப்பிட வேண்டும். 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது, 181-ல் அழைத்தால் இணைப்புக் கிடைக்கும். சிகிச்சை, காவல்துறை, வழக்கறிஞர், ஆலோசகர், ஐந்து நாள் வரை தங்குமிடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். நன்றாக இயங்கும் சென்டரில் ஊழியரே அவசரப் பிரிவுக்கு வந்து சிறுமியின் பக்கத்தில் உட்காருவார், அம்மாவுக்கு டீ வாங்கித் தருவார், எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்வார். சரியாக இயங்காத சென்டரில் அறை இருக்கும், போர்டு இருக்கும், மாலை ஐந்துக்குப் பிறகு ஆள் இருக்க மாட்டார். அவசரப் பிரிவிலிருந்து அந்த அறைக்கு யார் தகவல் சொல்வது என்பதே பல இடங்களில் முடிவாகாத கேள்வி. ஆகவே குடும்பத்தாரே 181-க்கு அடித்துவிடுவது நல்லது.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது. சகி சென்டர் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமானது. போக்சோ சட்டம் ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பையன் மருத்துவமனைக்கு வந்தால் அவனோடு வந்து உட்கார இப்படி ஒரு ஊழியர் கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-ம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றன என்பார்கள், உண்மைதான். அவை எல்லாம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கின்றன. 15 வயதுப் பையன் வெட்டுப்பட்டு வந்தால் போக்சோவும் இல்லை, அந்தச் சட்டம் தரும் ஆதரவு நபரும் இல்லை. அவன் ஒரு மெடிக்கோ லீகல் கேஸ், அதாவது போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய ஒரு கேஸ், அவ்வளவுதான். கூடவே, "நீ என்ன பண்ணினே, உன்னை எதுக்கு வெட்டினாங்க?" என்று வார்டில் ஆளுக்கு ஆள் கேட்கும் கேள்வி. காயப்பட்டுக் கிடக்கும் பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கும் அந்தப் பார்வை, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அப்போது அரசு முழு வேகத்தில் இயங்கியது. கை அறுவை சிகிச்சைக்கு ஸ்டான்லி மருத்துவர்கள் திருநெல்வேலிக்கே அனுப்பப்பட்டார்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. ஆக, முடியாது என்பதில்லை. நாடே பார்த்த வழக்கில் கிடைத்த அந்தக் கவனிப்பு, செய்தித்தாளில் நான்கு வரி வந்த வழக்கிலும் கிடைக்க வேண்டும். அதற்கு அமைச்சர் வர வேண்டியதில்லை, மருத்துவமனையில் அதற்கென ஒரு ஆள் இருந்தால் போதும்.

அப்படி ஆள் வைத்துச் செய்த முன்மாதிரிகள் உண்டு. மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000-ல் சேஹத் என்ற தொண்டு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து தொடங்கிய திலாசா, மருத்துவமனையின் ஒரு பிரிவாகவே இயங்கியது. எக்ஸ்ரே எடுப்பதுபோல ஆலோசனையும் அங்கே ஒரு துறை. பிறகு அது மற்ற மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் பரவியது. கேரளத்தில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான பூமிகா மையங்கள் அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே இருக்கின்றன. துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்ட இளைஞர்களுக்காக அமெரிக்காவின் ஓக்லண்டில் 1994-ல் தொடங்கிய திட்டம் இன்னொரு வகை. அதே தெருக்களில் வளர்ந்த ஒருவர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். பழிவாங்கப் போகாமல் தடுப்பதும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு மாதக்கணக்கில் கூடவே இருப்பதும் அவர் வேலை. மில்வாக்கியின் குழந்தைகள் மருத்துவமனை 1996-லேயே இதுபோல ஒன்றைத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் பழிக்குப் பழி எப்படித் தொடர்கிறது என்று தெற்கு மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார்டில் கிடக்கும் பையனைப் பார்க்க வரும் நண்பர்கள் என்ன பேசிவிட்டுப் போகிறார்கள் என்று கவனிக்க, அதைவிட வேறு ஒன்றைப் பேச, நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

இப்போதைக்குப் போக்சோ வழக்கில் மட்டும் அதற்கு நெருக்கமான ஒருவர் உண்டு: ஆதரவு நபர். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும், குழு ஒருவரை நியமிக்க வேண்டும். இதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் ஒருவர் தலையில் ஏராளமான வழக்குகள், ஊதியமோ திறன் பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி அளவில்தான். அவர் பிள்ளையை முதலில் சந்திப்பது மருத்துவமனையில் அல்ல, பல நேரம் நீதிமன்ற வாசலில். வார்டிலேயே சந்திக்கச் சொல்லிக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

மனநலம் பற்றிச் சுருக்கமாக. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. ஆனால் அறுவை சிகிச்சை வார்டிலிருந்து மனநலப் பிரிவுக்கு "ரெஃபர்" என்று ஒரு வரி எழுதுவதே அபூர்வம். இரவில் அலறி எழுவது, திரும்பப் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, அந்தத் தெரு வழியாகப் போகவே மறுப்பது, ஒரு மாதம் தாண்டியும் இவை நீடித்தால் காத்திருக்க வேண்டாம். பேயோட்டக் கூட்டிப் போகும் முன் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

பணம் என்று வரும்போது அலைச்சல் அதிகம், இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. போக்சோ விதி 8-ன்படி சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கான உடனடி உதவியைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். இடைக்கால இழப்பீட்டை வழக்கு முடியும் முன்பே சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால் நிவாரணம் 7 நாளுக்குள் தொடங்க வேண்டும். இங்கே தாமதமாவது பெரும்பாலும் சாதிச் சான்றிதழாலும் காயச் சான்றிதழாலும்தான். அமில வீச்சுக்குக் குறைந்தது 3 லட்சம், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள். மற்ற வெட்டு, குத்துக் காயங்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, வார்டில் சொல்வாரும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: ஏ.ஆர். நகல், எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, பிள்ளையின் ஆதார், பெற்றோரின் வங்கிப் பாஸ்புக். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவுக்குப் போய், உள்நோயாளி எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தெந்த நகல் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். எக்ஸ்ரே பிலிமைச் சூடு படாத இடத்தில் வையுங்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளிப் பெயர் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், உறவினர் குழுவில்கூட. போக்சோ பிரிவு 23-ம் இளஞ்சிறார் நீதிச் சட்டப் பிரிவு 74-ம் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கின்றன. வார்டில் கேமராவோடு வருபவரை வெளியே அனுப்பச் சொல்லி ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.